சுவாச சிகிச்சையரும் பதிவுத் தகுதியும்

உயிர்த்தல் என்னும் தமிழ்ச்சொல் மூச்சுவிடுதலையும் உயிரோடிருத்தலையும் ஒருங்கே குறிக்கும். இவ்விரண்டும் வேறல்ல என்று கண்டே நம் முன்னோர் ஒரு சொல்லால் இரண்டையும் வழங்கினர் போலும். உணவின்றிச் சில வாரங்களும், நீரின்றிச் சில நாட்களும் மனிதன் உயிர்தாங்கியிருத்தல் கூடும். மூச்சின்றியோ சில நிமிஷங்களுக்குமேல் இருத்தல் அரிது. அத்தகைய மூச்சு நோயினாலும் விபத்தினாலும் தளருங்காலத்து, மருத்துவர் கட்டளைப்படி அதனைத் தாங்கிநிற்றலையே தொழிலாகக் கொண்டோர் சுவாச சிகிச்சையர் எனப்படுவர். இவர்கள் தொழில் செய்தற்கு வேண்டிய பதிவுத் தகுதி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எவ்வாறு படிப்படியே மாறிவந்தது, அம்மாற்றத்திற்குக் காரணம் யாது, அது நியாயமானதுதானா என்பவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய எண்ணுகின்றோம். அந்நாட்டை எடுத்துக்கொண்டது, இத்தொழில் மருத்துவத்தினின்றும் செவிலியத்தினின்றும் பிரிந்து தனித்தொழிலாய் உருப்பெற்றமை அங்கே தெளிவாகக் காணப்படுதலின் என்க.

முதற்கண் ஒன்றனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். துணி வாங்கச் செல்வோன் இழையைத் தடவிப் பார்க்கின்றான். பானை வாங்குவோள் அதனைத் தட்டிப் பார்க்கின்றாள். பொருள் நன்றன்றாயின் மறுநாள் வேறு கடைக்குச் செல்லலாம். மூச்சுத் திணறிப் படுக்கையிற் கிடப்போனுக்கு இவ்விரண்டும் இல்லை. தொண்டையிற் குழாய் செலுத்தப்பட்டபின் அவனுக்குப் பேச்சும் இல்லை. ‘மூச்சு விடாதே’ என்றால் வாய்திறவாதே என்று நம் வீடுகளிற் பொருள்கொள்வர். இந்நோயாளியிடத்தோ அவ்விரண்டும் ஒருங்கே நின்றுபோகின்றன. தன் அருகே நின்று பொறியின் திருகைத் திருப்புவோர் கற்றவரோ கல்லாதவரோ என்று அவன் வினவ முடியாது. ஆகலின் அவன் வினவவேண்டியதை அவனுக்கு முன்னரே, அவன் சார்பில், வேறொருவர் வினவி வைத்தல் வேண்டும். அவ்வினாவே பதிவுத் தகுதி. இக்கருத்தே இக்கட்டுரை முழுவதற்கும் அடிப்படையாகும்.

இனி, மாணவர் பலர் மயங்கும் மூன்று சொற்களைப் பிரித்தறிவோம். சான்று என்பது, இன்னார் இன்ன பாடத்திற் குறித்த அளவு தேர்ச்சி பெற்றார் என்று ஒரு பரீட்சைச் சபை அளிப்பது. பதிவு என்பது, அத்தகையோர் பெயரை ஓர் ஏட்டில் ஏற்றி, எவரும் பார்த்தறியுமாறு வைத்தல். தவறு செய்தோர் பெயரை அதனின்று நீக்கவும் கூடும். உரிமம் என்பது, அரசாங்கம் தன் சட்டத்தினால் அளிப்பது. அஃது இல்லாதவர் அத்தொழிலைச் செய்தல் குற்றமாகும். அமெரிக்காவில் சான்றையும் பதிவையும் தருவது தொழிலோர் துணைகொண்டு நடக்கும் சபை. உரிமத்தைத் தருவது அந்தந்த மாநில அரசு. எந்தச் சான்று இருந்தால் உரிமம் கிடைக்கும் என்பதே நாம் எடுத்துக்கொண்ட மாற்றத்தின் நடுநாடி.

தொழிலின் தொடக்கம் மிக எளியது. 1940-ஆம் ஆண்டுகளில் பெரிய வைத்தியசாலைகளிற் பிராணவாயு உருளைகளைத் தள்ளிச்செல்லவும், படுக்கையின்மேற் கூடாரம் அமைக்கவும், முகமூடி பொருத்தவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். அவர்களுக்குத் தனிக்கல்வி ஒன்றும் இல்லை. வேலை செய்துகொண்டே கற்றனர். 1943-ஆம் ஆண்டளவிற் சிக்காகோ நகரில் எட்வின் லெவின் என்னும் மருத்துவர், அறுவைச் சிகிச்சைக்குப் பிற்பட்ட நோயாளரைக் கவனித்தற்பொருட்டு இத்தகையோரைப் பயிற்றத் தொடங்கினார். 1946-இல் அந்நகரிலேயே மருத்துவரும் இத்தொழிலாளரும் கூடி ஒரு சங்கம் கண்டனர்; 1947-இல் அது சட்டப்படி நிறுவப்பட்டது. உருளை தள்ளுவோருக்கு ஒரு சங்கமும் பாடமும் எதற்கு என்று அக்காலத்து எவரேனும் நகைத்திருப்பின் அதில் வியப்பில்லை. பிராணவாயு நன்மையே செய்யும், மிகுந்தாலும் தீங்கில்லை என்பது அந்நாளிற் பரவியிருந்த எண்ணம்.

அவ்வெண்ணம் பொய்த்தது மிகத் துயரமான முறையில். 1942-இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர் தியோடர் டெர்ரி, குறைமாதத்திற் பிறந்த குழந்தைகள் சிலருக்குக் கண்ணின் உட்புறம் கெட்டுப் பார்வை அழிதலை எடுத்துரைத்தார். காரணம் விளங்கவில்லை. வசதி மிகுந்த வைத்தியசாலைகளிலேயே இந்நோய் மிகுந்து காணப்பட்டது. 1951-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்து மருத்துவர் கேட் காம்பெல், குழந்தைகளுக்குக் கட்டின்றி அளிக்கப்படும் பிராணவாயுவே காரணமாகலாம் என்றார். 1953, 1954-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க வைத்தியசாலைகள் பல கூடி நடத்திய சோதனை அதனை மெய்ப்பித்தது. அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வை இழந்தனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களுக்குப் பிராணவாயு அளித்தோர் அன்பில்லாதவர் அல்லர், அளவறியாதவர். பிராணவாயு காற்றன்று, மருந்து. மருந்தாகலின் அளவு வேண்டும். அளவு வேண்டுமாகலின் அளப்போர் கற்றவராதல் வேண்டும். அன்று அளவறிந்தார் எவரும் இலர் என்பது உண்மையே. ஆயினும் அறிவு பிறந்தபின், அது படுக்கையருகே நிற்போர் ஒவ்வொருவரிடத்தும் சென்று சேர்ந்ததோ என்று பார்த்தற்கு ஒரு வழி வேண்டியதாயிற்று.

அவ்வழி 1960-இல் ஏற்பட்டது. அவ்வாண்டில் உட்சுவாச சிகிச்சையர்க்கென ஒரு பதிவகம் நிறுவப்பட்டுப் பரீட்சைகள் தொடங்கின. 1961-இல் முதலாவதாகப் பதிவு பெற்றவர் சகோதரி மேரி இவோன் ஜென் என்னும் துறவியார். பதிவுப் பரீட்சை கடினமானது, தேறினோர் சிலரே, வைத்தியசாலைகளுக்கு வேண்டியவரோ பலர். ஆதலின் 1969-இல் அதனினும் எளிய ஒரு சான்றுப் பரீட்சை ஏற்பட்டது. இவ்வாறு ‘பதிவுபெற்றோர்’ என்றும் ‘சான்றுபெற்றோர்’ என்றும் இரண்டு படிகள் உண்டாயின. 1974-இல் இரண்டும் ஒரே சபையின்கீழ் வந்தன. 1983-இல் அச்சபை தேசிய சுவாசப் பராமரிப்புச் சபை என்னும் பொருள்படும் பெயர் பூண்டது. இதற்கிடையில் 1982-இல் கலிபோர்னியா மாநிலம் இத்தொழிலுக்கு உரிமச் சட்டம் இயற்றியது. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. உரிமம் பெறக் கீழ்ப்படியாகிய சான்றே போதும் என்று பொதுவாக வைத்திருந்தனர்.

சட்டம் நின்ற இடத்தில் நின்றது, தொழிலோ நிற்கவில்லை. உருளை தள்ளியோரின் வழிவந்தோர், செயற்கைச் சுவாசப் பொறியை இயக்குவோராயினர். குருதியிலுள்ள வாயுக்களின் அளவை ஆய்ந்து, பொறி ஒவ்வொரு மூச்சுக்கும் எத்துணைக் காற்றை எவ்வளவு அழுத்தத்துடன் செலுத்தவேண்டும் என்பதை மருத்துவரோடு கலந்து முடிவு செய்தலும், நோயாளி தேறியபின் பொறியினின்று அவனை மெல்ல விடுவித்தலும் அவர்கள் கடமையாயின.

இதன் அருமையை ஒரு கணக்கினால் விளக்குவோம். நுரையீரல் வீங்கி விறைத்துக் கடுமையாய் நலிந்த நோயாளருக்கு ஒரு மூச்சில் எத்துணைக் காற்றுச் செலுத்தல் நலம் என்று அறிய, அமெரிக்காவில் 861 நோயாளரைக் கொண்டு நடந்த ஓர் ஆராய்ச்சி 2000-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒரு பகுதியாருக்கு உடலெடையில் கிலோ ஒன்றுக்கு 12 மில்லிலிட்டர் என்ற அளவிலும், மற்றொரு பகுதியாருக்கு 6 மில்லிலிட்டர் என்ற அளவிலும் காற்றுச் செலுத்தத் தொடங்கினர். முதற்பகுதியாரில் நூற்றுக்கு 39.8 பேரும், இரண்டாம் பகுதியாரில் நூற்றுக்கு 31 பேரும் இறந்தனர். பொறி ஒன்றே, வைத்த அளவே வேறு. அவ்வளவின் வேறுபாடு நூற்றுவரில் ஏறத்தாழ ஒன்பதின்மர் உயிர்.

இங்கே உடலெடை என்றது தராசு காட்டும் எடையை அன்று. உயரத்தினாற் கணக்கிடும் எடையை. உடல் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லையன்றோ! 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆடவன் ஒருவனுக்கு இக்கணக்கின்படி எடை 66 கிலோ. ஆதலின் ஒரு மூச்சுக்கு 6 மடங்காகிய 396 மில்லிலிட்டர் தக்கது. அவன் தராசில் 100 கிலோ நிற்பானாயின், இந்நுணுக்கம் அறியாதவர் 600 மில்லிலிட்டர் வைத்துவிடுவர். பொறி மறுப்பதில்லை, நோயாளியால் முறையிடவும் முடிவதில்லை. நலிந்த நுரையீரல் ஒவ்வொரு மூச்சிலும், நிமிஷத்திற்கு இருபது முறைக்குமேல், சிறிது சிறிதாகச் சிதையும். இத்தகைய பிழையைத் தடுக்கவல்லது பரீட்சையில் கேட்கப்படாதிருக்குமாயின், அப்பரீட்சையினாற் பயன் என்னை?

இக்காரணங்களால் பதிவுத் தகுதி மூன்று வகையில் மாறலாயிற்று. முதலாவது, காலவரையறை. 2002-ஆம் ஆண்டு ஜூலை முதல் வழங்கப்பட்ட சான்றுகள் ஐந்தாண்டுக்கே செல்லும், தொடர்ந்து கற்றமையைக் காட்டினாலன்றிப் புதுப்பிக்கப்படா என்று சபை விதித்தது. ஒருமுறை தேறினோர் என்றும் தேறினோரே என்னும் நம்பிக்கை அன்றோடு ஒழிந்தது. இரண்டாவது, பரீட்சையின் அமைப்பு. 2015-இல் கீழ்ப்படிக்கும் மேற்படிக்கும் தனித்தனியே இருந்த எழுத்துப் பரீட்சைகளை ஒன்றாக்கி, இரண்டு தேர்ச்சி எல்லைகளை வைத்தனர். கீழெல்லையைத் தாண்டினோர் சான்று பெறுவர். மேலெல்லையைத் தாண்டினோர், நோயாளி நிலையை ஒப்ப அமைத்த மற்றொரு பரீட்சையும் எழுதித் தேறினால் பதிவு பெறுவர். அப்பரீட்சையில் நோயாளியின் நிலை சிறிது சொல்லப்படும். எதை விசாரிப்பாய், எதைச் செய்வாய் என்று வினவப்படும். செய்ததற்கேற்ப நிலை மாறும். தெரிந்தெடுத்ததைத் திரும்ப அழிக்க இயலாது. படுக்கையருகே உள்ளவாறே அங்கும் காலம் பின்செல்வதில்லை.

மூன்றாவது, உரிமத்திற்கு வேண்டிய படி. 2015 ஜனவரி 1 முதல் புதிதாக உரிமம் கேட்போர் கீழ்ப்படிச் சான்றோடு நில்லாது, மேற்படியாகிய பதிவுத் தகுதியைப் பெற்றிருத்தல் வேண்டும் என்று கலிபோர்னியாவும், அந்நாள் முதலே ஒகையோ மாநிலமும் விதித்தன. கல்லூரிகளை மதிப்பிடும் குழுவினரோ, 2018 ஜனவரி 1 முதல் புதிதாகத் தொடங்கப்படும் படிப்புகள் இளங்கலைப் பட்டமேனும் அளிப்பனவாதல் வேண்டும் என்றனர். முன்னரே நடந்துவந்த ஈராண்டுப் படிப்புகளை மூடவில்லை.

இம்மாற்றங்களை எல்லாரும் வரவேற்றனர் என்று எண்ணற்க. எதிர்வாதங்கள் மூன்று, அவை எளிதில் தள்ளத்தக்கனவல்ல. ஒன்று, படி உயர உயரப் பொருட்செலவு உயரும். ஏழை மாணவர், பகலில் உழைத்து இரவிற் கற்போர், பின்தள்ளப்படுவர். இரண்டு, முப்பதாண்டு படுக்கையருகே நின்று கற்ற கைத்திறத்தை மூன்று மணி நேரப் பரீட்சை அளந்துவிடுமோ? மூன்று, ஆள் குறையும். கற்றவருக்காகக் காத்திருக்கையில் மூச்சு காத்திராது.

மூன்றாம் வாதத்திற்கு வலிமை தரும் சரித்திரமும் உண்டு. 1952-இல் டென்மார்க்கு நாட்டின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் கொடுமையாய்ப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளர் நாள்தோறும் வந்தனர். பொறிகளோ மிகச் சில. மயக்கமருந்து வல்லுநர் பியார்ன் இப்சன், தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்திக் கையால் பையை அமுக்கிக் காற்றுச் செலுத்தும் முறையைக் காட்டினார். ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர் முறைவைத்து இரவும் பகலும் பைகளை அமுக்கினர். அவர்களுக்குப் பட்டமும் இல்லை, பதிவும் இல்லை. ஆயினும் இறக்கவேண்டியவராயிருந்த பலர் பிழைத்தனர். 2020-இல் கொள்ளைநோய் வந்தகாலத்தும் அமெரிக்க மாநிலங்கள் பல, பிற மாநிலத்தில் உரிமம் பெற்றோரும் வந்து தொழில் செய்யலாம் எனத் தம் விதிகளைத் தளர்த்தின.

இவ்வாதங்களுக்கு விடை யாது? கோபன்ஹேகன் மாணவர் தாமே முடிவு செய்தாரல்லர். அறிந்தோர் ஒருவர் வகுத்த ஒரே செயலை, மேற்பார்வையின்கீழ்ச் செய்தனர். அபாயகாலத்து வாயிலைத் திறந்துவைத்தல் வேறு. எக்காலத்தும் கதவே இல்லாதிருத்தல் வேறு. அனுபவத்தைப் பற்றியோவெனின், ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்னும் பழமொழியை நாம் அறிவோம். அது ‘ஆயிரம் வேரைக் கண்டவன்’ என்பதன் திரிபு என்று கூறுவாரும் உளர். இரண்டு பாடங்களும் நமக்குப் பயன்படும். அனுபவம் எவரிடத்துக் கற்கப்பட்டது என்பதே கேள்வி. நோயாளியிடத்துப் பிழைசெய்து கற்பதினும், ஏட்டிலும் பயிற்சிக்கூடத்திலும் பிழைசெய்து திருந்திப் பின் நோயாளியிடம் வருதல் நன்று. அனுபவத்தை இகழ்தல் அன்று இது. அதன் விலையை நோயாளி தலையில் ஏற்றாதிருத்தல்.

செலவைப் பற்றிய முதல் வாதமே நம் உள்ளத்தை மிக உறுத்துவது. இதற்கு முழு விடை பரீட்சைச் சபையிடத்து இல்லை. கல்விக்குப் பொருளுதவும் அரசிடத்தும் அறச்சாலைகளிடத்தும் உள்ளது. படியை உயர்த்துவோர் கைப்பிடியும் அமைத்தல் வேண்டும். உயர்ந்த படியால் விலக்கப்பட்டவன் திறமையில்லாதவனாயின் நோயாளிக்கு நன்மை. திறமையிருந்தும் பணமில்லாதவனாயின் நோயாளிக்கே நட்டம். இவ்வேற்றுமையைக் காணாத விதி, தொழிலைக் காக்குமேயன்றி உயிரைக் காவாது.

ஆகவே பதிவுத் தகுதியில் மாற்றம் வருங்கால், அது தக்கதா என்றறிய நாம் மூன்று அளவுகோல்களைக் கொள்ளலாம். முதலாவது, புதிய வினா புதிய வேலைக்கு ஏற்றதா? வேலை மாறாதிருக்க வினாவை மட்டும் கடினமாக்குதல் வேலியன்று, சுவர். இரண்டாவது, முன்னரே நேர்மையாய்த் தொழில் செய்துவருவோர் தள்ளப்படுகின்றனரா? 2015-க்கு முன் கலிபோர்னியாவில் உரிமம் பெற்றோர் தம் பழைய சான்றோடே தொடரலாயினர். 2002-க்கு முற்பட்ட சான்றுடையோருக்கும் ஐந்தாண்டு எல்லை விதிக்கப்படவில்லை. மூன்றாவது, கீழ்ப்படியில் நிற்போர் மேலேற வழி உண்டா? ஒரே பரீட்சையில் இரண்டு எல்லைகள் வைத்தமையால், இன்று கீழெல்லையைத் தொட்டவர் நாளை மீண்டும் எழுதி மேலெல்லையை எட்டலாம். இம்மூன்று அளவுகோல்களாலும் நோக்குமிடத்து, இம்மாற்றம் பெரும்பாலும் நியாயமானதே என்பது நம் துணிபு. ஆயினும் செலவென்னும் குறை எஞ்சியே நிற்கின்றது.

இச்செய்தி நமக்குத் தொலைவானதன்று. நம் இந்திய நாட்டில் 2021-ஆம் ஆண்டு மருத்துவத் துணைத்தொழில்கள், நலப்பராமரிப்புத் தொழில்கள் ஆகியவற்றிற்கான தேசிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. சுவாசத் தொழில்நுட்பரும் அதன் அட்டவணையில் இடம்பெற்றுள்ளனர். துணைத்தொழிலோருக்கு 2,000 மணி நேரத்திற்குக் குறையாத கல்வியும், பட்டநிலைத் தொழிலோருக்கு 3,600 மணி நேரத்திற்குக் குறையாத கல்வியும் வேண்டும் என்றும், தகுதியுடையோர் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகின்றது. அமெரிக்கர் அறுபதாண்டுகளில் ஒவ்வொரு படியாக ஏறியதை நாம் ஒரு சட்டத்தினால் தொடங்கியிருக்கின்றோம். அவர்கள் கண்ட நன்மையையும் பட்ட இடர்ப்பாட்டையும் ஒருங்கே கற்றுக்கொள்ளுதல் நமக்கு இலாபம்.

இக்கல்லூரியினின்று இத்துறைக்குச் செல்லும் மாணவரும் இருத்தல் கூடும். அவர்களுக்கு ஒன்று கூறி முடிப்போம். பரீட்சை மண்டபத்தில் அமர்ந்து, ‘இவ்வளவு கடினமான வினாவை யார் கேட்டது?’ என்று மனம் நொந்துகொள்ளுங்கால், அதனைக் கேட்பவர் பரீட்சகர் அல்லர் என்று எண்ணுக. இன்னும் நீங்கள் காணாத ஒரு வைத்தியசாலையில், தொண்டையிற் குழாயோடு பேசமாட்டாது கிடக்கும் ஒருவர், உங்கள் முகத்தை ஏறிட்டுப் பார்த்து, ‘என் மூச்சை உங்களிடம் தரலாமா?’ என்று கேட்கின்றார். அவருக்கு அஞ்சாது ஆம் என்று விடையிறுக்கும் அளவு கற்றலே பதிவின் பயன்.